விறகுக்கடை வாசலில் நின்ற பஸ்

ஒரு மனுவின்மீது முடிவு சொல்லப்படும் வரை, மனு கொடுப்பதற்கு முன்பிருந்த ஏற்பாடு அப்படியே தொடர வேண்டும். சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் நான் மனப்பாடம் செய்த விதிகளில் இது ஒன்று. மற்ற விதிகளெல்லாம் மனுதாரனைச் சந்தேகத்தோடு பார்க்கும். இது ஒன்றுதான் அவன்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டும். கேட்டான் என்ற ஒரே காரணத்துக்காக, ஒருவன் கையில் இருப்பதையும் இழந்துவிடக் கூடாது என்பது அதன் உட்பொருள். எங்கள் தெருவுக்கு பஸ் ஸ்டாப் கேட்டு நான் எழுதிய மனுவுக்கு இந்த விதி பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. அதற்கான காரணத்தை அந்த மனுவிலேயே நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் எடமலைப்பட்டி புதூருக்குக் குடிபோனோம். அதற்கு முன்பு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள். எங்களுக்கு அதில் ஒரு போர்ஷன். எனக்கு மாற்றல் உத்தரவு வரப்போவதை என் ஆபீசுக்கு முன்பே வெற்றிலைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருப்பார். நான் இரண்டு முறை தும்மினால், மறுநாள் அம்மாமண்டபத்தில் குளிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பதில் எனக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்துப் போர்ஷனில் கேட்டுக்கொள்ளலாம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் யாருக்கும் என்னைத் தெரியாது என்று நம்பித்தான் தெற்கே, மதுரை ரோட்டுப் பக்கம், தனி வாசலும் தனிக் கிணறும் உள்ள ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தேன்.

அது தப்புக் கணக்கு. திருச்சி அப்போது எந்த ஊர் என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாத ஊர். மெட்ராஸிலிருந்து வரும் என் மைத்துனனுக்கு அது கிராமம்; எட்டு மணிக்கு மேல் காபி கிடைக்காது என்பான். முசிறியிலிருந்து வாழைத்தாரோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு அது பட்டணம். ரோட்டைக் கடக்கப் பயப்படுவார்கள். உள்ளே இருக்கிற எங்களுக்கு, பட்டணத்துக்கு உரிய ஆபீஸ்களும் விதிகளும் உண்டு. ஆனால் அந்த ஆபீஸில் உட்கார்ந்திருப்பவன் நம் ஒன்றுவிட்ட அத்தானுடைய சகலையாக இருப்பான். எந்தக் காரியமும் எழுதி நடக்காது. முகம் பார்த்து நடக்கும். நான் எழுதி நடத்த வேண்டும் என்ற கட்சி. அந்தக் கட்சியில் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

அடுத்த வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். கத்தோலிக்கக் குடும்பம், அவரும் அவருடைய தாயாரும் மட்டும். பாலக்கரைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரும்புப் பட்டையும் தோல் வாரும் போட்டுக் கட்டிய பூட்ஸ். நடக்கும்போது அது ஒரு சத்தம் போடும். மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் மணி ஏழேகால் என்று என் மனைவி உலையில் அரிசி போடுவாள்.

அந்த வீடு அவருடைய அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் கட்டியது. பின்னால் ஒரு சிறு தோட்டம், அதில் ஒரு முருங்கை, இரண்டு கொய்யா. டீச்சருக்கு அந்த வீட்டின்மேல் இருந்த பிடிப்பு சாதாரணமானதல்ல. 'இந்த வீட்ல இருந்துகிட்டே வேலைக்குப் போயிட்டு வர முடிஞ்சா போதுங்க, வேற ஒண்ணும் வேணாம்' என்று என் மனைவியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய ஆசை மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

எங்கள் தெரு மதுரை ரோட்டில் வந்து சேரும் இடத்தில் ஒரு விறகுக்கடை. அங்கே பஸ் ஸ்டாப் கிடையாது. டவுனிலிருந்து வரும் பஸ் விறகுக்கடையைத் தாண்டிப் போய் ரைஸ்மில்லில்தான் நிற்கும். அங்கிருந்து திரும்பி நடந்து வர அரை மைலுக்குக் குறையாது. வழியில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு வாய்க்கால் பாலம்; உரசிக்கொண்டு போகும் லாரிகள். ஆனால் பஸ் விறகுக்கடையில் நின்றது. யாரும் உத்தரவு போடவில்லை. டீச்சர் எழுந்து கம்பியைப் பிடிப்பதைப் பார்த்ததும் கண்டக்டர் பலகையைத் தட்டுவார். டிரைவர் ஓரம் கட்டுவார். காலையிலும் அப்படித்தான். டீச்சர் வந்து சேராவிட்டால் டிரைவர் ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டுத் தெருவுக்குள் எட்டிப் பார்ப்பார். அவர் பீடி குடிக்க வண்டியை நிறுத்தினார் என்று பயணிகள் நினைத்துக்கொள்ளும்படி அதைச் செய்வார். டீச்சரும் நன்றி என்று எதுவும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு பொட்டலம் கேக் போகும், அவ்வளவுதான்.

டீச்சருக்குப் பின்னால் நானும் இறங்குவேன். தெருக்காரர்கள் வேறு சிலரும் இறங்குவார்கள். பஸ் எங்களுக்காகவும்தான் நிற்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மாலை நல்ல மழை. டீச்சர் அன்று லீவு. விறகுக்கடை நெருங்கியதும் நான் எழுந்து நின்றேன். பஸ் வேகத்தைக் குறைக்கவில்லை.

"விறகுக்கடை இருக்குப்பா" என்றேன்.

"விறகுக்கடைல ஸ்டாப்பு கெடையாதே சார்" என்றார் கண்டக்டர்.

"தினம் நிக்கறதே?"

"அது டீச்சருக்கு சார். நீங்க ரைஸ்மில்லுல எறங்கி ஜம்முனு நடந்துடுவீங்க. உங்க காலுக்கு என்ன கொறச்சல்?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் என்னை அவமதிக்க நினைத்துச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். ரைஸ்மில்லில் இறங்கி, குடையில்லாமல், ஆபீஸ் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். வரும் வழியிலேயே மனுவின் முதல் பத்தி மனத்தில் தயாராகிவிட்டது.

அந்த மனுவைப் பொதுநலம் என்றுதான் தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். என் மனைவியிடமும் சொன்னேன். அவள் தலை துவட்டத் துண்டைக் கொடுத்துவிட்டு, "நனைஞ்சது நீங்க. பொதுநலம் எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டாள்.

மனு நன்றாக அமைந்தது. இப்போது நினைத்தாலும் அது நல்ல மனு என்பதுதான் வேதனை. தெருவில் எத்தனை வீடு, எவ்வளவு தூரம், லாரி அபாயம், வாய்க்கால் பாலம் எல்லாம் வரிசையாக வந்தன. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒன்றைக் கேட்கும்போது, அது புதிதல்ல, முன்பே நடைமுறையில் இருப்பதுதான் என்று காட்ட வேண்டும். புதுசு என்றால் மேலே இருப்பவர் பயப்படுவார். முன்னுதாரணம் என்றால் கையெழுத்துப் போடுவார். ஆகவே ஐந்தாவது பத்தியில் இப்படி எழுதினேன்: 'கால் ஊனமுற்ற ஆசிரியை ஒருவரின் சிரமத்தை முன்னிட்டு, மேற்படி விறகுக்கடை வாசலில் பேருந்துகள் ஏற்கெனவே நாள்தோறும் நிறுத்தப்பட்டு வருகின்றன. மேற்படி வழக்கத்தை முறைப்படுத்துவதே இம்மனுவின் கோரிக்கை.'

கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். தெருக்காரர்கள் படிக்காமலே போட்டார்கள். டீச்சர் மட்டும் உட்கார்ந்து முழுக்கப் படித்தார்.

"எதுக்குங்க சார் இது? இப்பதான் நிக்குதே" என்றார்.

"இப்போ நிக்கறது தயவு டீச்சர். அந்த டிரைவர் மாறிப் போயிட்டா? வேற ஒருத்தன் வந்து நிறுத்த மாட்டேன்னா யாரைக் கேப்பீங்க? எழுதி வாங்கிட்டா அது உரிமை."

"டிரைவர் அண்ணனுக்கு எதாவது தொந்தரவு வருமா?"

"அதெப்படி வரும்? மனு நிலுவைல இருக்கறப்போ இருக்கற ஏற்பாட்டை யாரும் தொட முடியாது. விதி இருக்கு."

அவர் ஐந்தாவது பத்திக்குத் திரும்பிப் போனார். விரல் ஒரு இடத்தில் நின்றது. எந்த வார்த்தையில் என்று எனக்குத் தெரிந்தது. அதை எடுத்துவிடவா என்று நான் கேட்டிருக்கலாம். எடுத்துவிட்டால் மனுவின் முதுகெலும்பு போய்விடும் என்று தோன்றியது. கேட்கவில்லை. டீச்சர் பேனாவை வாங்கி, தெளிவான கையெழுத்தில் முழுப் பெயரையும் போட்டார். படித்த பக்கத்து வீட்டுக்காரர், வயதில் பெரியவர், வீடு தேடி வந்து நிற்கிறார், எப்படி மறுப்பது?

மனு போன சில வாரங்களில் பஸ்ஸில் ஒரு பரிசோதகர் ஏறினார். காக்கி உடை இல்லாமல் சாதாரணமாக வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு முறை காலையில், ஒரு முறை மாலையில். அனுமதி இல்லாத இடத்தில் வண்டி நிறுத்தியதற்காக டிரைவருக்கும் கண்டக்டருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பஸ் முதலாளி இருவரையும் கூப்பிட்டு, மறுபடி புகார் வந்தால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார். நான் எழுதியது கோரிக்கை. அது போய்ச் சேர்ந்த இடத்தில் புகாராகப் படிக்கப்பட்டது. நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன். விதிமீறல் நாள்தோறும் நடக்கிறது என்று ஒரு தெருவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

மறுநாள் மாலை டீச்சர் வழக்கம்போல எழுந்து கம்பியைப் பிடித்தார். கண்டக்டர் பலகையைத் தட்டவில்லை. விறகுக்கடை ஜன்னலில் வந்தது, போனது.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். மேல எழுதிப் போட்டுட்டாங்க" என்றார் கண்டக்டர். யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். யாருக்கும் என்னைத் தெரியாத இடம் என்று தேடி வந்தவன் நான்.

ரைஸ்மில்லிலிருந்து டீச்சர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். கூடச் சேர்ந்து நடந்து அவருடைய பையையாவது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கல்யாணமாகாத பெண்ணோடு சேர்ந்து நடந்தால் விறகுக்கடையில் பேச்சாகும். தாண்டி முன்னால் போய்விடலாம். அதற்கும் கால் வரவில்லை. ஆகவே அந்த இரும்புச் சத்தத்தின் பின்னாலேயே, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஒரு காவல்காரனைப் போல நடந்தேன். அந்தக் காவலால் யாருக்கும் எந்த உபயோகமும் இல்லை.

காலையில் அந்தச் சத்தம் ஆறரைக்கே கேட்கத் தொடங்கியது. என் மனைவி உலை வைக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"அந்தத் தோல் வார் காலை அறுத்துப் புண்ணாக்கியிருக்கு. அவ அம்மா சொல்லி அழறா" என்றாள் ஒரு நாள்.

"நினைவூட்டல் எழுதியிருக்கேன்."

"போறும். எழுதினவரைக்கும் போறும். நேர்ல போயிட்டு வாங்கோ. உங்களுக்கும் வாய்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

போனேன். சம்பந்தப்பட்ட ஆபீஸில் என் வயதுள்ள ஒரு குமாஸ்தா. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். "உங்க மனுவா சார்? அதைத்தான் புதுசா சேந்த பசங்களுக்குக் காட்டிகிட்டிருக்கேன். மனுன்னா இப்படி எழுதணும்னு" என்றார். காபி வரவழைத்தார். நான் விதியைச் சொன்னேன். மனு முடிவாகும் வரை முன்பிருந்த ஏற்பாடு தொடர வேண்டும் என்றேன்.

அவர் உண்மையிலேயே யோசித்தார். பிறகு, "எந்த ஏற்பாடு சார்?" என்று கேட்டார்.

"விறகுக்கடைல பஸ் நின்ன ஏற்பாடு."

"அங்க ஸ்டாப்பே கெடையாதே. இல்லாத ஒண்ணைத் தொடரச் சொல்லி நான் எப்படிக் குறிப்பு எழுதறது? நீங்களே சொல்லுங்க. நீங்க எழுதுவீங்களா?"

எழுத மாட்டேன். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியில் நான் செய்தது, வாழ்நாள் முழுதும் நான் ஏளனம் செய்து வந்த காரியம். ஜங்ஷனில் டிரைவர் டீ குடிக்கும் கடைக்குப் போய், முகம் பார்த்துக் கேட்டேன்.

"டிரைவர், காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. டீச்சருக்கு மட்டும். முன்ன மாதிரி."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முன்னல்லாம் நான் நிறுத்தறது யாருக்கும் தெரியாது சார். தெரிஞ்சவங்களும் தெரியாத மாதிரி இருந்தாங்க. இப்ப எல்லாருக்கும் தெரியும். அந்த எடம் வந்தா என் கால் தானா பிரேக்குக்குப் போகுது. எடுத்து எடுத்து வெக்கிறேன்." பிறகு, "ஆர்டர் எப்ப வரும் சார்? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே எனக்குத் தெரியும் என்று நம்பினார்.

மார்கழியில் டீச்சர் வாய்க்கால் பாலத்தில் ஒரு லாரிக்கு ஒதுங்கப் போய் விழுந்தார். பெரிய காயம் இல்லை. முழங்கை சிராய்ப்பு, வளைந்துபோன இரும்புப் பட்டை. பட்டையைச் சரிசெய்து தர ஆளைத் தேடிக் கண்டுபிடித்து வருவதற்குள் பல நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் கேக் வந்தது, எங்களுக்கும், டிரைவருக்கும். என் மனைவி வாங்கி வைத்தாள். நான் தின்னவில்லை. அதுவும் ஒரு வீம்புதான். தின்றிருந்தால் டீச்சருக்கு அதில் என்ன நஷ்டம்?

தேர்வுகள் முடிந்து பள்ளி மூடியதும் டீச்சர் வீட்டை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. பாலக்கரையில், சர்ச்சுக்குப் பின்னால், பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு ஒற்றை அறை பார்த்திருந்தார்கள். சாமான்கள் இரண்டு மாட்டு வண்டியில் ஏறின. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், எதைத் தூக்குவது என்று தெரியாமல் ஒரு நாற்காலியைத் தூக்கினேன்.

"கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம் டீச்சர். எந்த நாளும் உத்தரவு வரலாம்" என்றேன்.

"வரட்டுங்க சார். தெருவுக்கு உதவியா இருக்கும்."

"நான் நல்லது நெனச்சுத்தான்..." என்று தொடங்கினேன். ஐப்பசி மழையும் பின் சீட்டுச் சிரிப்பும் நினைவுக்கு வந்தன.

டீச்சர் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நடக்கறது பரவால்லங்க சார். சின்ன வயசுலேர்ந்து நடந்துகிட்டுதான் இருக்கேன். பஸ் நின்னப்ப, எனக்காக நிக்குதுன்னு எனக்கே தோணாது. அவ்ளோ சாதாரணமா நிறுத்துவாங்க அந்த அண்ணன். நீங்க எழுதினதுக்கு அப்புறம் பஸ்ல ஏறினா எல்லாரும் என் காலைத்தான் பாக்கறாங்க." பிறகு, "நானும் கையெழுத்து போட்டேனே. உங்களை மட்டும் சொல்ல முடியாது" என்றார்.

அது மன்னிப்பா இல்லையா என்று இத்தனை வருஷமாகியும் எனக்கு நிச்சயமில்லை. டீச்சர் கணக்கு வாத்தியார். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று சொல்லியிருப்பார். ஆனால் அவர் கையெழுத்தை வாங்கியது நான். வண்டி விறகுக்கடையைத் தாண்டும் வரை வாசலில் நின்றேன். நாற்காலி ஒன்று கயிற்றில் சரியாகக் கட்டப்படாமல் ஆடிக்கொண்டே போனது. நான் ஏற்றிய நாற்காலியாக இருக்க வேண்டும்.

பிறகு நான் பாலக்கரை வழியாகப் போக நேர்ந்தபோதெல்லாம் சர்ச் வந்ததும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை சந்தைக் கூட்டத்தில் அந்த இரும்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அவராக இல்லாமலும் இருந்திருக்கலாம். என் மனைவி மட்டும் ஒரு தடவை முருங்கைக்காயும் கொய்யாவும் எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டை வாங்கியவர்களிடம் கேட்டுப் பறித்தது.

"எப்படி இருக்கா?" என்றேன்.

"ஒரு ஜன்னல்தான். அதுவும் சுவரைப் பார்த்து" என்றாள்.

டீச்சர் போன சில மாதங்களில் ஒரு நாள், எங்கள் தெருக்காரர்கள் கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு காவிரிக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். என் மனைவி அம்மாமண்டபத்தில் பூஜை செய்யத் தன் அம்மாவோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். வீட்டில் நான் தனியாக இருந்தபோது தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தார். என் மனுவை ஒவ்வொரு பத்தியாகப் பரிசீலித்து, குறிப்பாக ஐந்தாவது பத்தியில் கூறப்பட்ட ஆசிரியையின் சிரமத்தைக் கருத்தில் கொண்டு, விறகுக்கடை வாசலில் டவுன் பஸ்கள் இரு திசையிலும் நின்று செல்ல அனுமதி அளித்திருந்தார்கள். உத்தரவின் நகல் ஒன்று மேற்படி ஆசிரியைக்கும் அனுப்பப்பட்டிருந்தது, பழைய முகவரிக்கு. தபால்காரர் அந்த இன்னொரு உறையையும் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லையாமே, நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். அன்று ஆடி பதினெட்டு.